அலுவல் முடிந்த இரவில் வீட்டிலிருந்து படம் பார்ப்பதற்கான ஆயத்தங்கள்

அரச அலுவலகங்களின் நிதியாண்டு டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிவதால், கணக்குப் பிரிவில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு ஆண்டின் கடைசி வாரங்களில் பின்னேரம் என்ற ஒன்றே இருப்பதில்லை. கணக்குகள் முடிந்து நாங்கள் மூச்சு விடும்போது வயல்காரருக்குக் காலபோக அறுவடை தொடங்கிவிடும். நெல்லை வெட்டி, காயவைத்து, மூட்டை கட்டி, விலை பேசி முடிப்பதற்குள் மாசியும் கடந்துபோகும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் ஆசிரியர்களுக்கோ தவணை முடிவில் விடைத்தாள்கள் குவிந்திருக்கும். வன்னியில் இப்படி ஒவ்வொருவருக்கும் நெருக்கடியான காலம் ஒன்று உண்டு, அது முடிந்து வரும் முதல் இரவில் வீட்டாருடன் ஒரு படம் பார்க்கவேண்டும் என்ற விருப்பமும் உண்டு. அந்த இரவு வீணாகிப்போவதைப் பல வீடுகளில், முக்கியமாக என் வீட்டிலேயே, கண்டிருக்கிறேன். அதை வீணாக்காமல் இருக்க நாங்கள் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளையும் நேரத்தையும் தீர்மானிக்க வேண்டும். மறுநாள் விடுமுறையாக இருப்பது நல்லது. ஆகவே வெள்ளி இரவும், போயா எனப்படும் முழுநிலா விடுமுறைக்கு முந்திய இரவும் பொருத்தமானவை. வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போய்வரும் வழக்கமுள்ள வீடுகளில் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பின்னர்தான் தொடங்க முடியும் என்பதால் நீண்ட படத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இரண்டரை மணி நேரம் ஓடுவன. பத்தரைக்குப் படுக்க நினைப்பவர் ஏழரைக்கு முன்பே படத்தைத் தொடங்கினால்தான் இடையில் எழுந்து குடிக்க ஏதாவது போடவும், முடிந்தபின் சற்றுப் பேசிக்கொண்டிருக்கவும் நேரம் மிஞ்சும். எட்டரைக்குத்தான் உட்கார முடியும் என்றால் ஒன்றரை மணி நேரப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது நீண்ட படத்தை 'இடைவேளை' என்ற எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி மிகுதியை அடுத்த நாளைக்கு வையுங்கள். நம்முடைய படங்கள் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டே நிற்பதால், மறுநாள் தொடரும்போது கதை அறுந்ததாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது படத்தைத் தேர்ந்தெடுப்பது. இதை அன்றிரவு செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கணக்கு முடிந்த ஓர் இரவில், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகுதான் என்ன பார்ப்பது என்று தேடத் தொடங்கினோம். மகன் ஒன்றைச் சொன்னான், மகள் மற்றொன்றைச் சொன்னாள், ரிமோட் நான்கு கைகள் மாறியது, முன்னோட்டங்களை மட்டுமே முக்கால் மணி நேரம் பார்த்தோம். ஒருவாறு ஒரு படத்தைத் தொடங்கியபோது மகள் தலையணையில் முகம் புதைத்து உறங்கிவிட்டாள். பகல் முழுவதும் தீர்மானங்கள் எடுத்துக் களைத்த மனத்துக்கு இரவில் நூறு படங்களிலிருந்து ஒன்றைத் தேர்வதும் வேலையாகவே இருக்கிறது. ஆதலால் இப்போது புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே படத்தை முடிவு செய்துவிடுகிறோம். வீட்டிலுள்ளவர்கள் முறைவைத்துத் தெரிவு செய்வார்கள், ஒருவர் தெரிவு செய்ததை மற்றவர் மறுப்பதில்லை.

மறுப்பதற்கு ஒரேயொரு காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை மகன் தெரிவு செய்த படத்தில் ஊர் ஒன்றின் மீது குண்டு வீசும் காட்சி வந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த கச்சான் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். நெடுநேரம் வராததால் போய்ப் பார்த்தேன். கழுவி அடுக்கிவைத்த கோப்பைகளை எடுத்து மீண்டும் கழுவிக்கொண்டிருந்தார். 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்த வீடுகளில் இதை யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். வெடிச்சத்தமும், பதுங்குகுழியும், கூட்டமாகச் சனம் ஓடுவதும் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி, பெரியவர்களுக்கு அப்படியல்ல. ஆகவே வீட்டில் முதியவர்கள் இருந்தால், படத்தைப் பற்றி முன்கூட்டியே படித்துப் பாருங்கள், தெரிந்தவர்களிடம் கேளுங்கள். அத்தகைய காட்சிகள் இருப்பது தெரியவந்தால் அந்தப் படத்தை இளையவர்கள் வேறொரு நாள் தனியாகப் பார்க்கலாம். களைப்பாறுவதற்காகப் பார்க்கும் படம் வீட்டில் ஒருவரையேனும் எழுந்துபோக வைக்குமானால் அது அந்த இரவுக்கு உரிய படமன்று. நகைச்சுவைப் படங்கள், குடும்பக் கதைகள், நாங்கள் சிறுவயதில் பார்த்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவை எங்கள் வீட்டில் எல்லோரையும் கடைசிவரை இருக்கவைத்திருக்கின்றன. பழைய படம் என்றால் அம்மா அடுத்த வசனத்தை முன்னதாகவே சொல்லிவிடுவார், பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் படம்.

படம் முடிவானதும் அதைக் கையில் எடுத்துவைக்க வேண்டும். ஏ9 வீதியை அண்டிய இடங்களில் இணையம் நன்றாக இருந்தாலும் உட்கிராமங்களில் மாலை வேளையில் சிக்னல் தளர்ந்துவிடும். இணையத்தில் நேரடியாக ஓடவிட்டுப் பார்த்தால் சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபியும், உயர் தரத்தில் 3 ஜிபி வரையும் செலவாகும். கட்டணம் செலுத்திப் பார்க்கும் செயலிகள் பலவற்றில் படத்தை முன்னதாகவே கைத்தொலைபேசியில் இறக்கிவைக்கும் வசதி உண்டு. முந்திய நாள் இரவில், டேட்டா மலிவாகக் கிடைக்கும் நேரத்தில், அதைச் செய்துவிடலாம். பென் டிரைவில் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபாட்32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்ட டிரைவில் 4 ஜிபியை எட்டும் ஒரு தனிக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதைப் படிக்க மாட்டா. எனவே முந்திய நாளே செருகி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒலியும் வருகிறதா, எழுத்து மொழிபெயர்ப்பு இருந்தால் அது தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறமொழிப் படம் பார்க்கும் வீட்டில் இந்த ஒரு சோதனை பெரிய ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

தொலைக்காட்சியின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, உட்காரும் தூரம்தான் முக்கியம். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரையான தூரம் கண்ணுக்கு இதமானது. 32 அங்குலத் திரைக்கு நான்கிலிருந்து ஐந்தடி, 43 அங்குலத் திரைக்கு ஐந்தரையிலிருந்து ஏழடி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சுவரில் மிக உயரத்தில் மாட்டியிருந்தால் பாயில் இருப்பவருக்குக் கழுத்து வலிக்கும், ஆகவே அன்றைக்குக் கதிரைகளைப் போடுங்கள் அல்லது சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்திருக்கும் மிகைநிற அமைப்பை மாற்றி, படத்துக்குரிய 'சினிமா' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் முகங்களின் நிறம் இயல்பாகும். அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுவது. இடையில் இயந்திரம் புதிய சட்டங்களைச் சேர்க்கும்போது படம் தொலைக்காட்சி நாடகம்போல் ஆகிவிடுகிறது. அறையை முற்றாக இருட்டாக்காமல், தொலைக்காட்சிக்குப் பின்பக்கம் மங்கலான சிறு விளக்கொன்றை எரியவிட்டால் கண் களைக்காது.

ஒலிதான் நம் வீடுகளில் பெரும் சிக்கல். சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் உள்ள அறையில் ஒலி மோதி எதிரொலிப்பதால், வசனம் விளங்காமல் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவோம். அறையில் துணி சேரச் சேர எதிரொலி குறையும். நிலத்தில் பாயும் அதன்மேல் தடித்த விரிப்பும் போட்டு, தொலைக்காட்சிக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், மேசையில் வைத்திருக்கும் பெட்டியின் அடியில் பூவிரிப்பைப் போடக் கூடாது. அமைப்புகளில் குரலைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் அதையும் போடுங்கள்.

மழை இரவில் இவை எதுவும் உதவாது. தகரத்தில் வாடைமழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. அத்தகைய இரவுகளுக்கென்று வசனம் குறைந்த படம் ஒன்றையோ, எழுத்து மொழிபெயர்ப்புள்ள பிறமொழிப் படம் ஒன்றையோ ஒதுக்கி வைத்திருக்கிறோம். இடி முழங்கத் தொடங்கினால் படத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும், கூரையிலிருந்து வரும் டிஷ் அல்லது அன்ரனா வயரையும் இடி நெருங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் மின்னல் அந்த வயர் வழியாகவும் இறங்கும். ஐப்பசியில் ஒருநாள், 'இன்னும் பத்து நிமிடந்தானே' என்று இருந்ததால் ஒரு தொலைக்காட்சியை இழந்தோம். மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வரும்போதும் உடனே போடாமல் சில நிமிடங்கள் பொறுத்திருப்பது பாதுகாப்பு. மடிக்கணினி இருந்தால் அதை முழுமையாக மின்னேற்றி, அதே படத்தை அதிலும் ஏற்றிவைத்திருங்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஈசல் வரும். திரையின் ஒளிக்கு நூற்றுக்கணக்கில் மொய்க்கும். அப்போது யன்னல்களைச் சாத்தி, வீட்டிலிருந்து தள்ளி முற்றத்து மூலையில் ஒரு வெள்ளை மின்குமிழை எரியவிட்டு, அதன்கீழ் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அவை அங்கே போய்விடும். நுளம்புக்கு, பொழுது சாயும் முன்னரே அறையில் வேப்பிலைப் புகை காட்டி, புகை போனபின் யன்னலைச் சாத்துவது வழக்கம். படம் ஓடும்போது புகைத்தால் கண்தான் எரியும். வைகாசி முதல் ஆவணி வரை தகரக் கூரை பகலில் இறக்கிய சூடு இரவிலும் அறையை விட்டுப் போகாது. அந்த மாதங்களில் நாங்கள் பெட்டியை விறாந்தைக்குத் தூக்கிவந்துவிடுவோம். சிறிய புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் முற்றத்தில் போடுவதென்றால் வேட்டியோ படுக்கைவிரிப்போ கட்டுவதைவிட வெள்ளையடித்த சுவரே மேல், சோளகக் காற்றில் துணி ஆடி முகங்கள் நெளியும்.

காட்டோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யானை வரும் காலத்தில் சத்தத்தை வெளியே நாய் குரைப்பது கேட்கும் அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் உறவினர் வீடுகளில் படம் பார்க்கும்போது, ஒருவர் வாசலுக்கு அருகில் உட்காருவது இயல்பாகவே நடக்கிறது.

இருக்கையைப் பற்றிச் சொல்லும்போது 1990களின் இரவுகள் நினைவுக்கு வருகின்றன. அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். எப்போதாவது ஒரு வீட்டில் மின்பிறப்பாக்கியும் டெக்கும் (வீடியோ கசெற் போடும் கருவி) தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். சத்தம் கேட்காதிருக்க இயந்திரத்தை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்து, நீளமான வயர் இழுத்திருப்பார்கள். ஊர் முழுவதும் சாக்கும் பாயும் கொண்டுவந்து முற்றத்தில் இருக்கும். விடியும்வரை மூன்று படம். சிறுவர்கள் முன்னால், முதியவர்கள் திண்ணையில் சாய்ந்து, இடையில் இயந்திரம் மூச்சுத் திணறினால் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். அந்த இரவுகளிலிருந்து ஒரு பழக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்: படம் பார்க்கும்போது ஆளுக்கொரு கதிரையில் பிரிந்திராமல், ஒரே பாயில் தோள் தொட இருப்பது. பிள்ளைகள் நடுவிலும், அம்மா சுவரில் முதுகு சாய்த்தும் இருப்பார்கள். முதியவர்களுக்கு இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையும், நீட்டிய முழங்காலின் கீழ் சுருட்டிய துணியும் வைத்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் இருக்கலாம்.

சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிடுங்கள். புட்டோ இடியப்பமோ அளவாக இருக்கட்டும், கொத்துரொட்டியை வயிறு நிறையச் சாப்பிட்டவர் முதற்பாட்டிலேயே உறங்கிவிடுவார். படத்தின்போது கொறிப்பதற்கு வறுத்த கச்சானும், அவித்த மரவள்ளியும் பச்சைமிளகாய்ச் சம்பலும் எங்கள் வீட்டில் வழக்கம். புழுக்கொடியல் தேங்காய்ச் சொட்டுடன் நல்ல தீன்தான், ஆனால் கடிக்கும் சத்தத்தில் வசனம் போய்விடும், அதை இடைவேளைக்கு வையுங்கள்.

பிள்ளைகள் சோளப்பொரி கேட்டால் வீட்டிலேயே செய்யலாம். தோட்டத்தில் விளையும் சாதாரணச் சோளம் பொரியாது. பொரிவதற்கென்று விற்கும் வகையின் தோல் கடினமானது. உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, தோல் தாங்க முடியாத அழுத்தம் வரும்போதுதான் அது வெடித்து மலர்கிறது. அடிகனத்த பானையில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்ததும் அரைக் கோப்பைச் சோளத்தைப் போட்டு, மூடியைச் சற்றே விலக்கி ஆவி போகவிட்டுப் பானையைக் குலுக்கிக்கொண்டே இருங்கள். இரண்டு வெடிகளுக்கு இடையில் இரண்டு விநாடி ஆகும்போது இறக்கிவிட வேண்டும். உப்பை நன்றாகப் பொடித்துத் தூவினால்தான் ஒட்டும். குடிப்பதற்குத் தேநீரும் கோப்பியும் வேண்டாம், இரவு எட்டு மணிக்குக் குடித்த கோப்பியின் வீரியத்தில் ஏறத்தாழப் பாதி நள்ளிரவுக்குப் பின்னும் உடலில் நிற்கும். இஞ்சி தட்டிப்போட்டு அவித்த கொத்தமல்லித் தண்ணீர், பனங்கட்டித் துண்டுடன், நன்றாக இருக்கும்.

இவ்வளவு ஆயத்தத்திலும் ஒருவர் தவறிப்போவது உண்டு. படம் தொடங்கி அரை மணி நேரமாகியும் வீட்டுப் பெண் அடுப்படியில் நின்றால் அந்த இரவு அவருக்கு ஓய்வன்று. என் மனைவியும் வேலைக்குப் போய் வருபவர்தான். ஆகவே சட்டி பானை கழுவுவதும், மறுநாளைக்குத் தேங்காய் துருவுவதும், கதவு பூட்டுவதும் எல்லோருக்கும் பங்கிடப்பட்டு, கடைசியாள் பாயில் வந்து உட்கார்ந்த பிறகுதான் படத்தைத் தொடங்குவோம். தொலைபேசிகளைச் சத்தமில்லாமல் செய்து மேசையில் வைத்துவிடுங்கள். வைத்தியசாலையிலோ வெளியூரிலோ உறவினர் இருந்தால் ஒரு தொலைபேசியை மட்டும் சத்தத்துடன் விடலாம். அலுவலகக் குழுச் செய்திகளுக்கு அன்றிரவு பதில் எழுதுவதில்லை என்பதைப் பகலிலேயே உங்களுடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிவிட்டால் மனமும் அங்கே ஓடாது.

படம் நடக்கையில் யாராவது உறங்கிவிட்டால் எழுப்பாதீர்கள், போர்வையை இழுத்துவிட்டு, எந்த இடத்தில் உறங்கினார் என்பதைக் குறித்துவைத்தால் நாளை அங்கிருந்து பார்ப்பார். முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்குமுன் அணைத்து, பிளக்கைக் கழற்றி, திரை சூடாறிய பின் துணியால் மூடுங்கள். பாயை உடனே சுருட்ட வேண்டாம். நாங்கள் விறாந்தை விளக்கைப் போடாமல் படியில் பத்து நிமிடம் இருப்போம். கதையில் அந்த மூத்த மகன் செய்தது சரியா என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். அம்மா வெற்றிலைத் தட்டத்தை எடுப்பார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போவோம்.